இறக்கத்தில் தெரியும் எடை

1989ஆம் ஆண்டு மாடலில் டாட்ஜ் தன் ராம் பிக்கப் வண்டியில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 160 குதிரைத்திறன், 542 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. பாரம் இழுப்பவர்களுக்கு அன்று அதுவே பெரிய சக்தி. முப்பது ஆண்டு கழித்து, 2019 மாடலில், அதே ராமின் டீசல் ஆயிரம் பவுண்டு-அடி என்ற கோட்டைத் தொட்டது. நம் கணக்கில் 1,356 நியூட்டன் மீட்டர். 2023 மாடலில் ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் 6.7 லிட்டர் டீசல், உயர்திறன் வகையில், 500 குதிரைத்திறனையும் 1,627 நியூட்டன் மீட்டரையும் எட்டியது. அந்த வரிசையின் எஃப்-450 பிக்கப்புக்கு அறிவிக்கப்பட்ட அதிகபட்ச இழுவை எடை 40,000 பவுண்டு, அதாவது 18 டன்னுக்குச் சற்று மேல். அமெரிக்காவின் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளில் ஓடும் பதினெட்டுச் சக்கர லாரிக்கே மொத்த எடை வரம்பு 80,000 பவுண்டுதான். அதில் பாதியை, வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுக்கலாம் என்கிறது விளம்பரம்.

இந்த எண் பொய்யல்ல. அந்த எஞ்சின் அந்தப் பாரத்தை இழுக்கும். ஆனால் டிரெய்லர் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விக்கு அது விடையும் அல்ல. முப்பத்தைந்து ஆண்டுகளில் எஞ்சின் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டது. பின் அச்சு, டயர், டிரெய்லரின் பிரேக், ஓட்டுகிறவரின் பயிற்சி, ஓட்டுநர் உரிமச் சட்டம் எல்லாம் பின்தங்கி நிற்கின்றன. ஒரு காலத்தில் பாரத்துக்கு வரம்பு கட்டியது எஞ்சின். இன்று வரம்பு கட்டுவது வேறு இடங்களில் இருக்கிறது. அந்த இடங்களைப் பற்றி விளம்பரம் பேசுவதில்லை, விற்பனையாளர் பேசுவதில்லை, பெரும்பாலான மாநிலங்களில் சட்டமும் பேசுவதில்லை. இழுவை எண்ணை வைத்து வண்டி விற்பதையும், சாதாரண கார் உரிமத்தோடு பத்துப் பன்னிரண்டு டன்னைச் சாலையில் இறக்க அனுமதிப்பதையும் அமெரிக்கா நிறுத்த வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு மேற்கே, ஐ-70 நெடுஞ்சாலை ராக்கி மலைகளைக் கடக்கும் இடத்தில் ஐசனோவர் சுரங்கப்பாதை இருக்கிறது. முதல் குழாய் 1973இல் திறக்கப்பட்டது, இரண்டாவது 1979இல். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரம். மேற்கே சில்வர்தோர்ன் ஊரிலிருந்து சுரங்க வாய்வரை சுமார் 13 கிலோமீட்டர் ஏற்றம். சரிவு 7 சதவீதம்வரை போகும். இங்கே 12 டன் எடையுள்ள ஒரு ஜோடியை ஏற்றிப் பார்ப்போம்: நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவான பிக்கப், அதன் பின்னால் எட்டு டன்னுக்குச் சற்று அதிகமான வைக்கோல் டிரெய்லர் அல்லது பெரிய கேரவன். 1989இன் 160 குதிரைத்திறன் எஞ்சின் இந்த 7 சதவீதச் சரிவில் இந்த எடையை மணிக்கு 35 கிலோமீட்டரை ஒட்டித்தான் இழுத்திருக்கும். எஞ்சின் முக்கும், வெப்பமானி முள் ஏறும், பின்னால் வரும் வண்டிகள் வரிசை கட்டும். தான் எவ்வளவு பாரத்தோடு வந்திருக்கிறோம் என்பதை உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஓட்டுநர் உடம்பால் உணர்ந்திருப்பார். இறங்கும்போது அந்த உணர்வு அவரை எச்சரிக்கும்.

இன்றைய 500 குதிரைத்திறன் டீசல் அதே பாரத்தோடு அதே சரிவில் 90 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் ஏறிவிடும். உயரத்தில் காற்று அடர்த்தி குறைந்தாலும் டர்போ அதை ஈடுகட்டுகிறது. பத்து கியர் தானியங்கிப் பெட்டி தானே கியர் மாற்றிக்கொள்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே சத்தம்கூட இல்லை. இது பொறியியலின் வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் இதே வெற்றி ஏற்றம் தந்துவந்த எச்சரிக்கையைத் துடைத்துவிட்டது. பின்னால் ஆறு டன் இருக்கிறதா, எட்டு டன் இருக்கிறதா என்பதே தெரியாமல் ஒருவர் சுரங்கத்தைக் கடந்து மறுபக்கம் வந்துவிடலாம். புது டீசல் பிக்கப்பைப் பற்றிய பேச்சில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். வண்டி பலவீனமாக இருந்தபோது அது தன் பலவீனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. இப்போது எஞ்சின் எதுவும் சொல்வதில்லை. முதல் செய்தி இறக்கத்தின் நடுவில்தான் வருகிறது.

இறக்கத்தின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். திரும்பும் வழியில், சுரங்கத்தின் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தோர்னுக்கு ஏறத்தாழ 640 மீட்டர் இறக்கம். 12 டன் எடை அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 7.5 கோடி ஜூல். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதே 12 டன்னை முழுதாக நிறுத்த வேண்டுமானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 24 லட்சம் ஜூல். ஆக, இந்த ஒரு இறக்கம் அந்த வேகத்திலிருந்து 31 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். பதினோரு நிமிடத்துக்குள் முடியும் பயணத்தில் சராசரியாக 115 கிலோவாட் அளவுக்கு ஆற்றலை எங்காவது கரைத்தாக வேண்டும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி எஞ்சினுக்கோ பிரேக்குக்கோதான் போக வேண்டும், மூன்றாவது இடம் கிடையாது. பிரேக் விட்ட வண்டிகள் ஏறி நிற்பதற்காகவே இந்த இறக்கத்தில் இரண்டு தப்பிப்புச் சரிவுகளை அமைத்திருக்கிறார்கள். அவற்றுக்குப் போதுமான வேலையும் இருந்துகொண்டே இருக்கிறது.

டீசல் எஞ்சினை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறவர்கள் இங்கே ஒரு நியாயமான பதில் வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்றுவழியை அடைக்கும் பழக்கம் டீசலுக்கு இல்லை. அதனால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் அது வண்டியைப் பெரிதாகப் பிடிக்காது. அந்தக் குறையைத் தீர்க்கப் புதிய பிக்கப்புகளில் எக்ஸாஸ்ட் பிரேக் வருகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் டர்போவின் இதழ்கள் சுருங்கிப் புகை வெளியேறும் வழியை நெருக்கும். உள்ளே அழுத்தம் ஏறும். பிஸ்டன்கள் அந்த அழுத்தத்தைத் தள்ளிக்கொண்டு மேலே வர வேண்டியிருப்பதால் வண்டியின் வேகம் அடங்கும். பிரேக் ஷூ தேயாமல், சூடேறாமல் மலை இறங்கலாம். அந்தக் காலத்து ஓட்டுநருக்குக் கிடைக்காத வரம் இது, மறுக்கவில்லை. ஆனால் எஞ்சின் உயர்ந்த சுழற்சியில் இருந்தால்தான் அது வேலை செய்யும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது மலைப்பாதை லாரி ஓட்டுநர்களின் பாலபாடம். நாற்பதே குதிரைத்திறன் இருந்த காலத்தில் அந்தப் பாடம் பொருந்தியது. 500 குதிரைத்திறன் வண்டி ஏறும்போது கியரை அவ்வளவு இறக்கத் தேவையே இருக்காது. ஏறிய கியரில் இறங்கினால் அது தவறான கியராகவும் இருக்கலாம். உச்சியிலேயே, இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துக் கியரைக் கீழே பூட்ட வேண்டும் என்பதை யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும். இன்னொன்று: எக்ஸாஸ்ட் பிரேக் பிடிப்பது பிக்கப்பின் இயங்கு சக்கரங்களை மட்டும். டிரெய்லரை அது தொடுவதில்லை. ஈரமான வளைவில் முன்வண்டி மட்டும் பிடித்துக்கொள்ள, பின்னாலிருந்து எட்டு டன் கொக்கி வழியே முட்டித் தள்ளினால் இரண்டும் மடங்கிக்கொள்ளும்.

அப்படியானால் டிரெய்லரின் சொந்த பிரேக் எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். பதினெட்டுச் சக்கர லாரியில் ஒவ்வோர் அச்சிலும் காற்றழுத்த பிரேக். பிக்கப் இழுக்கும் பெரும்பாலான டிரெய்லர்களில் இருப்பது மின்சார டிரம் பிரேக். முன்னாலிருந்து கம்பி வழியே மின்சாரம் வரும். சக்கரத்துக்குள் இருக்கும் ஒரு காந்தம் சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுதலால் ஒரு நெம்புகோல் இழுபட்டு, ஷூவை டிரம்மின் உள்சுவரில் அழுத்தும். எளிமையான, மலிவான, நல்ல ஏற்பாடு. ஆனால் டிரம் சூடேறினால் விரியும். விரிந்தால் ஷூ தொட வேண்டிய சுவர் விலகிப்போகும். லைனிங்கின் பிடியும் தளரும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருகிறவருக்கு முதல் ஐந்து நிமிடம் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். பிறகு மிதிப்பது அதே அளவு, பிடிப்பது குறைவு. அப்போது கியரைக் கீழே கொண்டுவர நினைத்தாலும் வேகம் கூடிவிட்டிருக்கும். எஞ்சினைக் காப்பாற்றும் மென்பொருள் அதற்கு இடம் கொடுக்காது. டிஸ்க் பிரேக் வைத்த டிரெய்லர்கள் சந்தையில் உண்டு. விலை கூடுதல் என்பதால் பலர் எடுப்பதில்லை. எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கூடக் கொடுக்கத் தயங்காதவர் டிரெய்லரின் பிரேக்குக்குக் கொடுக்கத் தயங்குகிறார் என்றால், குறையை அவர்மேல் மட்டும் போட முடியாது. எந்த எண்ணைப் பெரிதாக அச்சடிக்கிறார்களோ அந்த எண்ணுக்குத்தான் பணம் போகும்.

நிறுத்துவதற்கு முன்பே சுமப்பதில் ஒரு வரம்பு வந்துவிடுகிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரே வரி. அந்த எண் மாடலுக்குப் பொதுவானதல்ல, அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு உரியது. டிரெய்லரின் முன்பக்கம் கொக்கியில் அழுத்தும் பாரமும் இந்தக் கணக்கில்தான் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. முக்கால் டன் வகை என்று சொல்லப்படும் டீசல் பிக்கப்புகளில் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோ. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் கணிசமாகக் கனம். வரம்பு மாறாமல் எஞ்சின் கனத்தால், சுமக்கும் இடம் அந்த அளவுக்குக் குறையும். நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், தோல் இருக்கை எல்லாம் சேர்ந்த வண்டியில் ஸ்டிக்கர் எண் 950 கிலோ அளவில் வந்து நிற்பது சாதாரணம். கணவன், மனைவி, பிள்ளை சேர்ந்து 200 கிலோ. பின்தட்டில் பொருத்தும் ஃபிஃப்த் வீல் கொக்கி ஒரு 80 கிலோ. மீதி 670. இப்போது 6,350 கிலோ எடையுள்ள கேரவனை மாட்டுங்கள். ஃபிஃப்த் வீல் வகையில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு பிக்கப்பின் முதுகில் இறங்கும்: 1,270 கிலோ. ஸ்டிக்கர் அனுமதித்ததைவிட 600 கிலோ அதிகம். இதே வண்டியின் விளம்பர இழுவை எண்ணோ எட்டு, ஒன்பது டன். அந்த எண்ணைப் பார்த்தவருக்கு இன்னும் இரண்டு டன் அளவுக்குப் பாக்கி இருப்பதாகவே தோன்றும். டீசலுக்கு என்று கொடுத்த கூடுதல் பணம் இழுக்கும் எண்ணைக் கூட்டிவிட்டு, சுமக்கும் எண்ணைக் குறைத்திருக்கிறது.

அப்படியானால் டிரெய்லரில் சாமான்களைப் பின்னால் தள்ளி வைத்துக் கொக்கியின் பாரத்தைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதற்கு விடை தெரியும். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் தொண்டையை நெரிக்கும். இரண்டுக்கும் நடுவில் அளவோடு முன்பாரம் வைத்துத்தான் மூட்டை அடுக்குவார்கள். வேகம் கூடிய டிரெய்லரில் பின்பாரத்தின் விளைவு இன்னும் மோசம். பம்பருக்குக் கீழே கொக்கி மாட்டும் சாதாரண டிரெய்லரில் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பின்பகுதி இடவலமாக ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, ஒரு கட்டத்தில் டிரெய்லர் முன்வண்டியையே சுழற்றிவிடும். பக்கத்தில் ஒரு பெரிய லாரி விரைந்து கடந்தால் போதும், முதல் ஆட்டம் தொடங்கிவிடும். ஆகவே கொக்கிப் பாரத்தைக் குறைத்து ஸ்டிக்கரைத் திருப்திப்படுத்தும் குறுக்குவழி கிடையாது. டிரெய்லரைச் சிறிதாக்க வேண்டும், அல்லது வண்டியைப் பெரிதாக்க வேண்டும்.

இழுவை எண் ஏதோ விளம்பரக்காரர் கற்பனையல்ல, முறையான சோதனையில் வந்தது என்ற மறுப்பு வலுவானது. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய விதத்தில் எண்ணை அறிவித்துக்கொண்டிருந்தது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே 2807 என்ற நியமம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. முதலில் டொயோட்டா தன் டுன்ட்ராவுக்கு 2011 மாடலில் ஏற்றுக்கொண்டது, டெட்ராய்ட் நிறுவனங்கள் சில ஆண்டு தயங்கிப் பின்தொடர்ந்தன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுக்கு அருகே தொடங்கும் நீண்ட ஏற்றம் இந்தச் சோதனையின் களம். கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகாமல் ஏறிவிட வேண்டும். ஒற்றைப் பின்சக்கர வண்டிக்கு அந்த வேகம் மணிக்கு 40 மைல். நல்ல நியமம், சந்தையைச் சுத்தம் செய்த நியமம். ஆனால் அதன் புகழ்பெற்ற சோதனை எது என்று பாருங்கள்: ஏற்றம். எஞ்சின் பலவீனமாக இருந்த காலத்தில் எழுந்த கேள்விக்குத்தான் அது முதன்மையாக விடை தேடுகிறது. இன்னொரு பக்கம், அது கணக்கில் எடுத்துக்கொள்ளும் வண்டியில் சுமாரான எடையுள்ள இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். விளம்பரத்தில் வரும் உச்ச எண் பெரும்பாலும் முன்வரிசை இருக்கை மட்டுமுள்ள, பின்சக்கர இயக்கம் மட்டுமுள்ள, எடை குறைந்த வகைக்கு உரியது. குடும்பங்கள் வாங்குவதோ நான்கு கதவு வண்டி. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு வேறு வண்டிகள் நிற்கின்றன.

ஆண்டுக்கணக்கில் இப்படி மீறி இழுக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்பது இன்னொரு மறுப்பு. நிறுவனங்கள் கொஞ்சம் கைக்காப்பு வைத்துத்தான் வரம்பை எழுதுகின்றன என்பது உண்மையே. ஸ்டிக்கரை 50 கிலோ தாண்டிய நொடியில் அச்சு முறிந்துவிடப் போவதில்லை. ஆனால் அந்தக் கைக்காப்பு வைக்கப்பட்டது வெயிலில் வெந்த டயருக்காக, பள்ளத்தில் இறங்கும் சக்கரத்துக்காக, திடீரென்று குறுக்கே வரும் மானுக்காக. அதை முன்கூட்டியே சாமானால் நிரப்பிவிட்டவர், அவசரம் வரும்போது கையிருப்பு இல்லாமல் நிற்பார். சமவெளியில் பத்தாயிரம் மைல் ஓடியது மலை இறக்கத்தின் பதினோரு நிமிடத்தைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த ஒரு டன் வகை வண்டியை வாங்கினால் சுமக்கும் சிக்கல் தீர்ந்துவிடும் என்பார்கள். பெருமளவு தீரும். அதன் சுமை வரம்பு இரண்டு டன்னையே தாண்டும். ஆனால் அதோடு கூடவே இன்னும் பெரிய டிரெய்லர் வாங்கும் ஆசையும் வரும், நிறுத்த வேண்டிய எடையும் கூடும். இதில் ஒரு விசித்திரமான ஓட்டை வேறு: அந்த மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது 4,536 கிலோ மொத்த எடைவரையிலான வண்டிகளுக்குத்தான். அதற்கு மேற்பட்டவற்றில், அதாவது மிகப் பெரிய டிரெய்லர்களை இழுக்கும் வண்டிகளில், அச்சுக்கு எவ்வளவு என்ற எண்களை வைத்து உரிமையாளரே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மின்னணு உதவிகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆட்டத்தைக் கண்டுபிடித்துத் தானே பிரேக் போடும் வசதி, டிரெய்லரின் பின்னால் கேமரா, பாரத்தை மதிப்பிட்டுக் காட்டும் திரை எல்லாம் நல்லவை, கட்டாயமாக்கலாம். அவை தவறைத் திருத்த முயலும். எட்டு டன்னை ஐந்து டன்னாக்க முடியாது.

மிஞ்சுவது ஓட்டுநர். 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியே சி.டி.எல். என்ற வணிக ஓட்டுநர் உரிமம் நாடு முழுவதும் ஒரே சீராக வந்தது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 26,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்து, அதில் டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் அந்த உரிமத்தின் ஏ பிரிவு வேண்டும். எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு, புறப்படும் முன் வண்டியைச் சுற்றிவந்து பரிசோதிக்கும் தேர்வு, மருத்துவச் சான்று. 2022 பிப்ரவரி 7 முதல் பதிவுபெற்ற பயிற்சியாளரிடம் பயிற்சி முடித்தால்தான் தேர்வுக்கே போக முடியும். ஆனால் இவையெல்லாம் தொழிலுக்காக ஓட்டுகிறவருக்கு. நாம் மேலே பார்த்த 12 டன் ஜோடி 26,001 பவுண்டைத் தாண்டியதுதான். அதே எடையை, அதே சாலையில், சொந்த விடுமுறைக்காக ஒருவர் இழுத்துப் போனால் பெரும்பாலான மாநிலங்களில் கார் உரிமமே போதும். புது எஞ்சினைப் பழக்க 500 முதல் 1,000 மைல்வரை டிரெய்லர் மாட்டாதீர்கள் என்று கையேடு சொல்கிறது. எஞ்சினுக்குக் கிடைக்கும் அந்த அவகாசம்கூட ஓட்டுகிறவருக்கு எங்கும் எழுதப்படவில்லை.

உரிமம் இருந்தால் மட்டும் விபத்து நின்றுவிடுமா என்று கேட்பவர்கள் 2019 ஏப்ரல் 25ஐ நினைவுபடுத்துவார்கள். ஐ-70இல் மலையிறங்கி டென்வரின் புறநகரான லேக்வுட்டை நோக்கி வந்த, மரம் ஏற்றிய லாரி, பிரேக் இல்லாமல் வந்து, நின்றிருந்த வண்டிகளின் வரிசையில் மோதியது. நான்கு பேர் இறந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கின. வழியில் இருந்த தப்பிப்புச் சரிவை லாரி தாண்டி வந்திருந்தது. அதை ஓட்டியவரிடம் வணிக உரிமம் இருந்தது. இந்த நிகழ்ச்சி என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றலாம். நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். காற்றழுத்த பிரேக்கும், உரிமமும், தொழிலும் உள்ள ஒருவரையே அந்த இறக்கம் இப்படி வீழ்த்தும் என்றால், மின்சார டிரம் பிரேக்கோடு, முதல் மலைப்பயணத்தில், தன் எடையே தெரியாமல் வருகிறவரை எந்தத் தயாரிப்பும் இல்லாமல் அங்கே அனுப்புவதை எப்படி நியாயப்படுத்துவது? உரிமம் முழுக் காவல் அல்ல. தேர்வுக்குப் படிக்கும்போதாவது இறக்கம் தொடங்கும் முன் கியரைக் குறை என்ற வரியை ஒருவர் வாசித்திருப்பார்.

பிரிட்டனைக் காட்டிச் சிலர் எதிர்வாதம் வைக்கக்கூடும். அங்கே 1997 ஜனவரி 1 முதல் கார் உரிமம் பெற்றவர்கள் கனமான டிரெய்லர் இழுக்கத் தனித் தேர்வில் தேற வேண்டியிருந்தது. லாரி ஓட்டுநர் பற்றாக்குறை வந்தபோது, தேர்வாளர்களின் நேரத்தை மிச்சப்படுத்த, 2021 டிசம்பர் 16இல் அரசு அந்தத் தேர்வை நீக்கியது. ஆனால் அந்தத் தளர்வு 3,500 கிலோ டிரெய்லரோடு நின்றுவிடுகிறது. அமெரிக்கப் பிக்கப்பின் உச்ச எண்ணில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ சாதாரண கார் உரிமத்தில், 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர் இழுத்தால், இரண்டும் சேர்ந்து 3,500 கிலோ. அதற்கு மேல் படிப்படியாகக் கூடுதல் பயிற்சி, பிறகு தேர்வு.

விவசாயிகளுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் இது சுமையாகாதா என்ற கேள்வியில் உண்மையான அக்கறை இருக்கிறது. அறுவடைக் காலத்தில் பக்கத்துச் சந்தைக்கு மாடு கொண்டுபோகிறவரை அரசு அலுவலக வரிசையில் நிறுத்துவது சரியல்ல. 2012ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணை வண்டிகளுக்கு, வேறு மாநிலத்துக்குள் போனாலும் பண்ணையைச் சுற்றி 150 மைல்வரை, ஏற்கெனவே விலக்கு தந்திருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும். தெரிந்த சாலை, தெரிந்த பாரம், தலைமுறைப் பழக்கம். ஓய்வுபெற்றபின் வீட்டை விற்று ஏழு டன் கேரவன் வாங்கி, அறுபத்தைந்து வயதில் முதன்முதலாக ராக்கி மலை ஏறுகிறவரின் நிலை அதுவல்ல. அவருக்கு வணிக உரிமம் வேண்டாம். கலிஃபோர்னியா செய்திருப்பது போதும்: 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட கேரவனுக்கும் 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்கும் அங்கே வணிகம் சாராத தனி உரிமம் உண்டு, இழுத்துக்கொண்டு போகும் எந்த வண்டிக்கும் வேக வரம்பு 55 மைல். டெக்சாஸும் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஜோடிக்குத் தனி உரிமம் கேட்கிறது. பெரிய வண்டிகளின் மண்ணான டெக்சாஸில் இது செல்லுபடியானால் மற்ற மாநிலங்களில் முடியாது என்று சொல்லக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

விற்பனைக் கூடத்தில் மாற வேண்டியது இன்னும் எளிது. விலைச்சீட்டில் இழுவை எண் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் சுமை வரம்பும் இருக்க வேண்டும், எல்லா எடை வகைக்கும். அதன் பக்கத்தில், ஐந்தில் ஒரு பங்கு பாரம் முதுகில் இறங்கும் என்ற கணக்கில் இந்த வண்டி தாங்கக்கூடிய ஃபிஃப்த் வீலின் எடை. டிரெய்லர் விற்பவர்கள் வெறும் வண்டியின் எடையை மட்டும் சொல்லி விற்பதை விட வேண்டும். பேட்டரி, எரிவாயு சிலிண்டர், பாத்திரம், படுக்கை எதுவும் அந்த எண்ணில் இல்லை. 60 காலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே 227 கிலோ கூடிவிடும். நிரப்பிய பிறகு எடை பார்க்க வழி இல்லாமலும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் எடை மேடைகள் நாடு முழுவதும் இருக்கின்றன. முன் அச்சு ஒரு தட்டில், பின் அச்சு ஒரு தட்டில், டிரெய்லர் அச்சுகள் மூன்றாவது தட்டில் நிற்க, மூன்று எண்களும் தனித்தனியே அச்சாகிச் சீட்டு கைக்கு வரும். பின் அச்சின் எண்ணைக் கதவுத் தூணில் எழுதியிருக்கும் அச்சு வரம்போடு ஒப்பிட்டால் போதும். சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்துகிற அதே இடத்தில், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகிற செலவில், பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இது.